சாம்பல் சுவரில் சிவப்பு எழுத்து

— தேய்க்காதடா செலோர்ம். தேய்க்கத் தேய்க்க இன்னும் பளிச்சுனு தெரியுது.

— மண்ணெண்ணெய் ஊத்தியும் போகமாட்டேங்குதுக்கா. என்ன பெயிண்டுல எழுதித் தொலைச்சானுங்களோ!

— நகரசபை பெயிண்டு அப்படித்தான். ஒரு ஆள் உசரத்துக்கு எழுதி வச்சிருக்கானுங்க. படி, இன்னொரு தரம் படி. என் வயிறு நல்லா எரியட்டும்.

— "வேலையை நிறுத்து. அனுமதிப் பத்திரம் காட்டு." எந்த வேலைய நிறுத்தச் சொல்றானுங்க? உள்ள மீன் கொழம்பு கொதிக்குதே, அதையா?

— சிரிக்காத, வாயில நல்லா வந்துரும். பாதியில நிக்கிற வீட்டுச் செவுத்துல எழுதுறத என் சாப்பாட்டுக் கடைச் செவுத்துல எழுதிட்டுப் போயிருக்கானுங்க. ஏன்? நான் சந்தைக்குப் போன நேரம், கதவு சாத்தியிருந்துச்சு, பிராண்டு பிராண்டுன்னு நீ அடிச்ச பெயிண்டால செவுரு சிமெண்டு கலருல நின்னுச்சு. புதுசாக் கட்டிட்டிருக்கிற கட்டடம்னு நெனச்சுட்டான்.

— சிமெண்டு கலரு இல்லக்கா, கிரே. தலைநகரம் அக்ராவுல போயிப் பாரு, பெரிய பாங்கு, ஓட்டலு, வக்கீல் ஆபீசு எல்லாம் இதான். கத்தாத கலருக்கா இது. பார்த்தாலே ஒரு மரியாதை வரும்.

— அக்ராவுல கண்ணாடி போட்டிருக்கான், ஏசி வச்சிருக்கான், வாசல்ல காவலுக்கு ஆள் நிக்குது. அவன் சாம்பலப் பூசிக்கிட்டா அந்தஸ்து. நம்ம ஹோ ஊர்ல சாம்பல் செவுருன்னா காசு தீந்துபோச்சுன்னு அர்த்தம். அஞ்சு வருஷமா கூரை இல்லாம நிக்குதே மாமா வீடு, அது என்ன கலரு?

— அது வேறக்கா.

— என்ன வேற? அதையும் பிராண்டுன்னு சொல்லிரேன்.

— ஜீஃபாம்மா! உள்ள இருக்கீங்களா? சாப்பாடு உண்டா?

— அட, டிரைவர் அமேனுவா! வாங்க வாங்க. தெனம் இங்கதான வண்டிய நிறுத்துவீங்க, மூணு வாரமா ஆளையே காணோம்?

— தப்பா எடுத்துக்காதீங்கம்மா, கடைய மூடிட்டீங்கன்னுல்ல நெனச்சோம். மஞ்சக் கடையத் தேடித் தேடிப் பார்த்துட்டு, இப்ப எல்லாரும் பாலத்துப் பக்கம் போயிச் சாப்பிடுறோம். இன்னைக்கு மீன் வாசனை வந்துச்சு, அதான் எட்டிப் பார்த்தேன்.

— கேட்டியாடா செலோர்ம்? மூக்கு இருக்கப்போய் வந்திருக்காரு. கண்ண நம்பியிருந்தா இவரும் போயிருப்பாரு.

— கதவுக்கு மேல வெள்ளையில அக்கா பேரு எழுதியிருக்கேனே, பாக்கலியாண்ணே?

— அதுவா தம்பி? பல்லி எச்சம்னு நெனச்சேன்.

— அது டிசைனுண்ணே! சின்ன எழுத்துக்குத்தான் இப்ப மதிப்பு.

— இருக்கும் இருக்கும். செவப்பு எழுத்துதான் நல்லாத் தெரியுது, வண்டியில இருந்தே படிச்சேன். அம்மா, அக்ப்ளே களி ரெண்டு உருண்டை, மீன் ரெண்டு, காரத் துவையல் கொஞ்சம் தாராளமா வச்சுக் கட்டுங்க. வண்டியில ஆளு ரொம்பிருச்சு.

— இந்தாங்க. கடை இருக்குன்னு மத்தவங்ககிட்டயும் சொல்லுங்க.

— சொல்றேம்மா. வெள்ளிக்கிழமைக்கு அப்புறமும் இருக்கும்ல? எழுத்துக்குக் கீழ நாள் போட்டிருக்கானே, அதான் கேட்டேன். வர்றேன்.

— போச்சு, ஊருக்கே தெரிஞ்சு போச்சு. வெள்ளிக்கிழமை இடிக்கிற வண்டியோட வந்து நிப்பானுங்க. டேய், அந்த போன் கம்பெனிக்காரனக் கூப்பிடு. எப்பவும் போல ஆளனுப்பி, அவன் பேரப் போட்டு ஓசியிலயே மஞ்ச அடிச்சுக் குடுப்பான்.

— அவன் பேரு ஆறடி, உன் பேரு ஆறு அங்குலம்! பதினோரு வருஷம் அவன் விளம்பரத்துக்குள்ள உக்காந்துல்ல சோறு போட்ட? உனக்குன்னு ஒரு மொகம் வேணும்னுதான்க்கா நான் கெடந்து பாடுபட்டேன்.

— நல்ல மொகம் குடுத்த! தூசிக் காத்து மாசத்துல எண்ணெ தடவாத காலு மாதிரி வெளிறிக் கெடக்கு.

— கேளேன்க்கா. மலையடி லாட்ஜுக்காரர் நேத்து இத யாரு பண்ணதுன்னு விசாரிச்சாராம். நாளைக்கு மறுபடி வர்றாரு. டிசைன் படிச்ச படிப்புக்கு மொத மொதல்ல ஒரு மனுஷன் என்னத் தேடி வர்றாரு. அதுக்குள்ள மஞ்ச அடிச்சுட்டா என் பொழப்பே போச்சு.

— உன் பொழப்பா? வெள்ளிக்கிழமை என் பொழப்பு மண்ணாப் போகப் போகுதுடா!

— ஏன்க்கா இப்படிப் பதறுற? பத்திரத்தக் காட்டுன்னுதான எழுதியிருக்கான்? காலையில ஆபீசுல போயிக் காட்டுவோம், நானும் கூட வர்றேன். அவனுங்களே வந்து அழிச்சுட்டு மன்னிப்புக் கேட்டுட்டுப் போவானுங்க.

— எனக்குக் கலரு மாறணும். அவ்வளவுதான்.

— கலர மாத்தினா எழுத்து மறையும். அவனுங்க நோட்டுல எழுதி வச்சிருப்பானே, அது மறையுமா? கட்டிலுக்கு அடியில இருக்கிற தகரப் பொட்டியிலதான வச்சிருக்க? சாவியக் குடு, நானே எடுக்கிறேன்.

— பொட்டியத் தொடாத.

— அப்ப எங்கதான்க்கா இருக்கு?

— மெதுவாப் பேசுடா, ரோட்டுல ஆளு போகுது.

— அக்கா, என்னைப் பாரு. எங்க இருக்கு?

— எங்கயும் இல்லடா. கல்லு வாங்கினேன், கூரை போட்டேன், அந்தக் காகிதத்த மட்டும் வாங்கல. மஞ்ச அடிச்ச கடைகிட்ட எவனும் கேக்கல செலோர்ம். பதினோரு வருஷமா அந்தப் பெயிண்டுதான் எனக்குப் பத்திரம்.