பனி பார்க்கப் போனவன்

தொகுஜி: இப்ப இருக்கறவனுங்களுக்கு வெக்கமே கெடையாதுடா. வடக்க பனி கொட்டுற ஹொக்கைடோ இனிப்ப இங்க டோக்கியோ ஸ்டேஷனுக்குக் கீழயே விக்கிறான். அதுக்கு ஒரு வரிசை வேற! அத்தனையும் கோட்டு மாட்டின ஆளுங்க. ஒருத்தன்கூட அந்த ஊரு பக்கம் போனவனாத் தெரியல.

ரியோஹெய்: அப்பா, மெதுவா... ஆஸ்பத்திரி இது.

தொகுஜி: கையில ஊசியோட என் மகன் படுத்திருக்கறது எனக்குத் தெரியுது. உன் ஆபீசுக்குத்தானே தெரியல!

ரியோஹெய்: தனித்தனியா காகிதம் சுத்தினதுதானே வாங்கினீங்க? லீவுல ஊருக்குப் போனா, அந்த ஊரு இனிப்பை ஆபீசுல மேசைக்கு ஒண்ணு வெக்கணும்.

தொகுஜி: அதேதான். ஏன்டா, மயங்கி விழுந்தேன்னு சொன்னா என்ன? பனி பார்க்கப் போறேன்னு எதுக்கு இந்தப் புளுகு?

ரியோஹெய்: லீவுன்னா இனிப்போட முடிஞ்சிரும். ஒடம்பு முடியலைன்னு தெரிஞ்சா... அப்புறம் பெரிய வேலை எதையும் என்னை நம்பிக் குடுக்க மாட்டாங்க.

தொகுஜி: குடுக்கலைன்னா நல்லதுதானே! அதுதானே உன்னை இங்க கொண்டாந்து போட்டுச்சு?

ரியோஹெய்: உங்களுக்குப் புரியாதுப்பா.

தொகுஜி: புரியாது. நான் லாரி ஓட்டினவன். வண்டி சூடானா ஓரங்கட்டுவேன். டாக்டரம்மா ஒரு மாசம் படுக்கச் சொல்லுது, நீ திங்கக்கிழமை வேலைக்குப் போறேங்கற. எதுக்கு, சாகவா?

ரியோஹெய்: அப்பா...! எங்க பிரிவுத் தலைவர் கவாசோயே சாரும் லீவு. ரெண்டு பேரும் இல்லைன்னா அங்க ஒண்ணும் நடக்காது.

தொகுஜி: அந்தாளு எங்க போயிருக்கான்?

ரியோஹெய்: ஒகினாவா. கோல்ஃப் ஆட.

தொகுஜி: பாத்தியா! உன்னை மாடா உழைக்க விட்டுட்டு அவன் கடலோரம் பந்து தட்டுறான். என் கையில மட்டும் கெடைச்சான்னா... யாரது இருமறது?

ரியோஹெய்: பக்கத்துக் கட்டில். நேத்து கொண்டாந்தாங்க. திரையைத் தொறக்கவே விடல, ஒரு வார்த்தை பேசல.

தொகுஜி: பேசாதவனை நான் நம்பறதில்ல. யோவ், தண்ணி கிண்ணி வேணுமா? இரு, தொறக்கறேன்...

ரியோஹெய்: அப்பா, வேணாம், தப்பு... அய்யோ. கவாசோயே சார்!

கவாசோயே: ...ரியோஹெய். பனி எப்படி இருந்துது?

ரியோஹெய்: நல்லா... நல்லா இருந்துது சார். ஒகினாவா?

கவாசோயே: வெயில் ஜாஸ்தி.

தொகுஜி: அடப்பாவிங்களா! மூக்குல குழாயை வெச்சுக்கிட்டு வெயிலாம்! அதான் ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டீங்கல்ல? ஆபீசுக்குப் போனைப் போட்டு உள்ளதைச் சொல்லித் தொலைங்க. டேய், நீ சொல்லு.

ரியோஹெய்: சார் சொல்றதுக்கு முன்னாடி நான் எப்படிப்பா...

தொகுஜி: அப்ப நீ சொல்லுய்யா.

கவாசோயே: எங்க இயக்குநர் இருக்காரு, பெரியவரே. அவரை முந்திக்கிட்டு நான் எப்படி?

தொகுஜி: சரிதான். நான் கெளம்பறேன். இன்னும் கொஞ்சம் நின்னா எனக்கும் ஒரு கட்டில் போட்ருவாங்க.

ரியோஹெய்: அப்பா... திங்கக்கிழமைக்கு வெள்ளைச் சட்டை ஒண்ணு தேய்ச்சு...

தொகுஜி: மாட்டேன். கேட்காத. ஆமா, அந்த இயக்குநரு எங்க இருக்கான்? அவனையாவது ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்.

கவாசோயே: வெந்நீர் ஊத்துல குளிக்கப் போயிருக்காருன்னு ஆபீசுல எல்லாருக்கும் சொல்லியிருக்கு... இதே ஆஸ்பத்திரிதான். இருதயப் பிரிவு.

தொகுஜி: அவனும் இங்கயேவா? இதை வேற நான் நம்பணுமாக்கும்! போங்கடா.