மாமன் சுட வேண்டிய மான்

2019 ஜூன் 13, வியாழக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். நமீபியாவில், விண்ட்ஹுக் நகருக்குக் கிழக்கே உள்ள ரூய்கோப் பண்ணை வீட்டின் சமையலறையில் தொலைபேசி ஒலித்தது. எடுத்தவர் ஹெஸ்டர் பிரிட்ஸ், அறுபத்தெட்டு வயது, கணவரை இழந்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மூத்த மகள் அனேலிக்குச் சனிக்கிழமை திருமணம். அழைத்தவர் அவருடைய தம்பி டியூனிஸ். நகரத்தில் தண்ணீர் பம்பு விற்பவர்.

அந்தக் குடும்பத்தின் வழக்கம் ஒன்று உண்டு. கல்யாண விருந்துக்கான ஓரிக்ஸ் மானைப் பெண்ணின் தாய்மாமனே, குடும்பத்தின் பெரிய துப்பாக்கியால் சுட்டுக் கொண்டுவர வேண்டும். வேறொருவர் சுட்டது அந்த மேசைக்கு வராது. பண்ணையின் சட்டம் ஒன்றும் உண்டு. அதை இயற்றியவர் ஹெஸ்டர். வேட்டைக்குப் போகிறவர் எவராயினும், நூறு மீட்டர் தொலைவில் நட்டுள்ள பலகையில் மூன்று குண்டுகளை ஒரு காபித் தட்டின் அளவுக்குள் அடித்துக் காட்டிய பிறகே போக வேண்டும். டியூனிஸ் அன்று விடியற்காலையில் காட்டாமலே போயிருந்தார். சமையல் உதவியாள் ஹில்மா அடுப்பருகே இருந்தார்; ஹெஸ்டரின் கைகளில் ரொட்டி மாவு ஒட்டியிருந்தது. ஆகவே அவர் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டுப் பேசினார். அவர் பேசியது மட்டும் இங்கே.

ஹலோ… ஆமா, நான்தான்… நான்தான் பேசறேன், டியூனிஸ். மூச்சு விட்டுட்டு நிதானமாச் சொல்லு. மான் கிடைச்சுதா?… கிட்டத்தட்டன்னா? கிட்டத்தட்டச் செத்த மானை நான் எந்தச் சட்டியில போடறது?… இரு, இரு. அடிபட்டுதா, இல்லையா?… ரத்தம்?… நின்ன இடத்துக்கு நடந்து போய்ப் பாத்தியா, வண்டியில உக்காந்துக்கிட்டே பாத்தியா?… நடந்து. சரி. முழுசாத் தப்பிச்சுதே, அந்த மட்டும் நிம்மதி. அரைகுறையா அடிச்சு ஓடவிட்டிருந்தே, உன்னையே பலகையில கட்டியிருப்பேன்.

…

பலகைன்னதும் ஏன் இருமறே?… காட்டிட்டுப் போனியா?… டியூனிஸ், ஒண்ணு ஆமாம்னு சொல்லு, இல்ல இல்லைன்னு சொல்லு… நேரமில்ல. மானுக்கு வேற வேலை இருந்துதா?

…

துப்பாக்கியில கோளாறா? சரி, கேக்கறதுக்குப் பதில் சொல்லு. எவ்வளவு தூரம்?… இருநூத்தி அம்பது. உத்தேசமா, அளந்தியா?… தூரம் அளக்கற கருவி காட்டுச்சு. எங்க குறி வச்சே?… தோளுக்கு நடுவுல. புழுதி எங்க கிளம்புச்சு?… வயித்துக்குக் கீழ. அப்ப துப்பாக்கி செய்யவேண்டியதைத்தான் செஞ்சிருக்கு… ஆமா… ஆமாடா, நான் சொல்றேன். துப்பாக்கி மேல இருக்கற ஸ்கோப்பை எங்க வச்சு சரிபாத்தே?… நகரத்துல, சுடற பயிற்சிக் கூடத்துக்குள்ள. அம்பது மீட்டர்ல. ஏசி ஹால்ல. ஓரிக்ஸ் அங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து நிக்குமா?

லீஸ், சிரிக்காதே. மாமாகிட்ட பேசிட்டிருக்கேன். உன் அக்காவைக் கூட்டிட்டுப் போய் மேசைவிரிப்பை இஸ்திரி போடு… இல்ல டியூனிஸ், சின்னவகிட்ட சொன்னேன். நீ சொல்லு.

…

பெரிய குண்டு நேராப் போகும்னு யார் சொன்னா?… கடைக்காரனா? நல்லாருக்கு. நீ எத்தனை வருஷமா பம்பு விக்கறே? ஹோஸைப் படுக்கைவசமா நேராப் பிடிச்சா தண்ணி எப்படிப் போகுது?… வளைஞ்சு விழுது. ஹோஸ் தடியா இருந்தா வளையாதா?… அவ்வளவுதான் விஷயம். குண்டும் குழல் வாயை விட்டுக் கிளம்பின உடனே விழ ஆரம்பிச்சுடுது. நம்ம குண்டு கனம், நிதானமாப் போகுது, வழியில அதிக நேரம் இருக்கு, அதனால அதிகமா விழுது. இருநூத்தி அம்பதுல கிட்டத்தட்ட அரை மீட்டர்… இந்தக் கிட்டத்தட்ட வேற, உன்னுது வேற.

…

மேல ஏறிட்டு விழுமா? யாரும் அதை மேல தூக்கி விடறதில்ல. நாமதான் குழலைக் கொஞ்சம் அண்ணாந்து பிடிக்கறோம், அது நம்ம பார்வைக்கோட்டைத் தாண்டி மேல போய்ட்டு இறங்குது. அதனாலதான் நூறு மீட்டர்ல குறிக்கு நாலு விரல் மேல அடிக்கணும்னு இந்தப் பண்ணையில கணக்கு. அப்ப இருநூறு வரைக்கும் யோசிக்காம தோள்ல குறி வைக்கலாம். அதுக்கு மேல சுடக்கூடாது… ஏன்னு கேக்கறியா? கால் எதுக்கு இருக்கு? கிட்டப் போ.

சரி, இப்ப பலகைக்கிட்டதானே நிக்கறே? மணல் மூட்டையில துப்பாக்கியைச் சாய்ச்சு வை. போனைக் கல்லு மேல வை. ஒண்ணே ஒண்ணு சுடு. கேக்கறேன்.

… அடக் கடவுளே! என்ன வார்த்தைடா அது? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், ஹில்மா காதுலயும் விழுந்தாச்சு. பாவம், ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாடறவ… தோள்ல இடிச்சா இடிக்கும், பெரிய துப்பாக்கி தடவியா குடுக்கும்? ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வசவு உனக்குப் பதினாறு வயசுலேர்ந்து பழக்கம். ஓட்டை எங்க?… பலகையிலயே இல்லையா?

…

டியூனிஸ். காலைல தப்பினதுக்கப்புறம் ஸ்கோப்புத் திருகைத் தொட்டியா?… எத்தனை கிளிக்?… எண்ணல. மேல் பக்கம் திருகினது தெரியும், எவ்வளவுன்னு தெரியாது. நாட்டையே இப்படித்தான்… சரி விடு. கோபப்படல. ரத்த அழுத்த மாத்திரை போட்டுட்டேன்.

பலகையைப் பிடுங்கி இருபத்தஞ்சு மீட்டருக்குக் கொண்டு வா… வெக்கம் என்ன வெக்கம், அங்க யாரு பாக்கறா?… வண்டிச் சத்தம் கேக்குதே. யாரு?… எக்கார்டா? காபி கொண்டுவந்திருக்காரா! சம்பந்திக்கு என் வணக்கத்தைச் சொல்லு. மாப்பிள்ளையோட அப்பா, நல்ல மனுஷர். ஆனா இந்த வேலையில அவரை இழுக்காதே, சொல்லிட்டேன்.

ஹில்மா, அடுப்பைக் குறைச்சு வை, நான் வரேன்.

… ம், சுடு… அந்த வார்த்தை மறுபடியும். சம்பந்தி முன்னாடி! ஓட்டை எங்க?… நடுவுக்கு எட்டு சென்டி மேல. நேர் மேலயா, பக்கவாட்டா?… நேர் மேல. நல்லது. திருகுல ஒரு கிளிக்னா நூறு மீட்டர்ல ஒரு சென்டி. இருபத்தஞ்சுல?… கால் சென்டி. அப்ப எட்டு சென்டிக்கு எத்தனை?… விரல் விட்டு எண்ணாதே… முப்பத்திரண்டு. கீழ் பக்கம். சத்தமா எண்ணு, நான் கேக்கணும்… ம்… ம்… பதினேழுக்கப்புறம் பத்தொம்பதுக்குப் போனியே, பதினெட்டு எங்க?… சரி… ம்… நிறுத்து.

இப்பப் பலகையைப் பழைய இடத்துக்குக் கொண்டு போ. மூணு குண்டு. நடுவுல திருகைத் தொடக்கூடாது. ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் குழல் ஆறட்டும். ஒரு ஓட்டையைப் பாத்துத் திருகினே, அடுத்ததைப் பாத்துத் திரும்பத் திருகினே, சாயங்காலம் வரைக்கும் ஓட்டையைத் துரத்திக்கிட்டே இருப்பே. மூணையும் சேத்துப் பாத்துதான் பேசணும்… ஆமா, காபி குடிச்சுட்டே செய். அவசரமில்ல. நானும் மாவைப் பிசையறேன். லைனைக் கட் பண்ணாதே.

…

ஒண்ணு.

… ரெண்டு. நல்லாத்தான் நேரம் விடறே.

… மூணு. போய்ப் பாத்துட்டு வா.

… எத்தனை?… மூணும் உள்ளயா? நாலு விரல் மேலயா? காபித் தட்டை வச்சுப் பாத்தியா?… தட்டுல பாதி இடம் மிச்சமா! டியூனிஸ்! அனேலி, கேட்டியா, உன் மாமா… இரு.

இரு.

… ஒண்ணுமில்ல. யோசிக்கறேன். மூணு குண்டு வெடிச்சுது. மூணுக்கும் ஒரு வசவு கூடக் காதுல விழலையே.

…

சம்பந்தி முன்னாடி மரியாதையா? கொஞ்ச நேரம் முன்னாடி அந்த மரியாதை எங்க போச்சு?… டியூனிஸ், யார் சுட்டது?

… யார் சுட்டதுன்னு கேட்டேன்.

…

போனை அவர்கிட்ட குடு… குடுடா. வணக்கம் சம்பந்தி. காபிக்கு நன்றி… இல்லை, உங்க மேல ஒரு வருத்தமும் இல்லை. அருமையான மூணு குண்டு… என்ன?… எனக்குத் தெரியாம முதல்ல அவன் ரெண்டு சுட்டானா? எப்ப?… பலகையை நட்ட உடனேயா. போனைத் துணியால மூடிக்கிட்டு. எங்க போச்சு அந்த ரெண்டும்?… ஒண்ணு பலகையோட காலுல, ஒண்ணு பலகை ஓரத்துல. ம்… சுடறதுக்கு முன்னாடியே கண்ணை மூடறான்… ஆமா, நானும் பாத்திருக்கேன். இடி வாங்கப்போற தோள் அது, முன்கூட்டியே சுருங்கிடும். அதுக்குத் திருகு கிடையாது.

… நீங்களே சுட்டுக் குடுத்துட்டு அவன் சுட்டதாச் சொல்றதா? பெரிய மனசு உங்களுக்கு, நிஜமாச் சொல்றேன். ஆனா சம்பந்தி, காப்பியடிச்ச பரீட்சைத் தாளை முப்பத்தேழு வருஷம் கிழிச்சுப் போட்டவ நான். சொந்த மகள் கல்யாணத்துல தம்பியோட தாளை மட்டும் திருத்தி மார்க் போடச் சொல்றீங்களா?… தெரியும், யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே… நீங்க பலகையில தேறியாச்சு, ஆனா மாமன் இல்ல. அவன் மாமன், தேறல. ரெண்டு விதியையும் வளைக்க எனக்கு உரிமை இல்லை… தயவுசெஞ்சு அவன்கிட்ட குடுங்க.

… டியூனிஸ்… டியூனிஸ், அழறியா?… தூசி. சரி, தூசி. காத்து அடிக்குது போல.

… கேளு. சனிக்கிழமை அனேலியைக் கையைப் பிடிச்சு மாப்பிள்ளைகிட்ட கூட்டிட்டுப் போறது நீதான். அவ அப்பா இல்லாத இடத்துல நிக்கறே. அதுக்குப் பலகை கிடையாது. கண்ணை மூடிக்கிட்டுக் கூட நடக்கலாம்.

… இல்ல, தண்ணித் தொட்டிக்கிட்ட காத்திருந்து சுடறதெல்லாம் இந்த வீட்டுல கிடையாது. தாகத்துக்கு வந்ததை அடிக்க மாட்டோம்… கெஞ்சாதே. மாட்டேன்னா மாட்டேன்… ஆடு. ஆமா, ஆடு. பட்டியில இருக்கே, ரெண்டு கிடா. கத்திக்கு நூறு மீட்டர் கணக்கு வேணாம்… எல்லாரும் சிரிப்பாங்கதான். சிரிக்கட்டும், ரெண்டு வாய் கறி உள்ள போனா மறந்துடுவாங்க… பொய் சொல்ல மாட்டேன். கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். கேக்காம பாத்துக்கறது உன் சாமர்த்தியம்.

… பலகையா? பிடுங்காதே, அங்கயே இருக்கட்டும். அது சம்பந்தியோட குண்டு, அவருக்குப் பெருமை… ஹலோ?… டியூனிஸ், இன்னொரு தடவை சுட்டுப் பாக்கறேன்னா சொல்றே?… கேக்கல. குன்றுக்கு மேல ஏறிப் பேசு… ஹலோ?… ஹலோ?…

இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஹெஸ்டர் மாவு ஒட்டிய விரலால் ஒலிபெருக்கியை அணைத்தார். காற்று இப்போது வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது; மலைப்பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தமும், அதைத் தொடர்ந்து மிகத் தெளிவாக ஒரு வசவும் சமையலறை வரை வந்து சேர்ந்தன. அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

இறுதியில் முடிவானது வருமாறு: திருமண விருந்துக்கு ஓரிக்ஸ் கிடையாது, இரண்டு கிடாக்களை மாமனே தம் கையால் அறுத்துத் தருவார். மாப்பிள்ளையின் தந்தை எக்கார்ட் கேட்கப்படாத எதையும் சொல்லமாட்டார். துப்பாக்கியின் குறி இப்போது குறையின்றிச் சரியாக உள்ளது. எனினும் இந்தத் திருமணத்துக்கு அது இனி அலமாரியிலிருந்து எடுக்கப்படாது. டியூனிஸ் மாதம் ஒரு முறை பண்ணைக்கு வந்து, தோளில் துண்டு மடித்து வைத்து, கண்ணைத் திறந்தபடி, பலகையில் மூன்று குண்டு சுடவேண்டும். இரண்டாவது மகள் லீஸ் இதுவரை எவரையும் மணக்கச் சம்மதிக்கவில்லை. ஆகவே அவகாசம் போதுமானது என்று கருதப்படுகிறது.