முதலிடத்தில் நிற்கும் மூன்று எழுத்து

பல்லைப் பிடுங்குவதிலும் பழுதை நீக்குவதிலும் ஒரே பொறுமை காட்டும் எங்கள் சங்கத் தலைவர், பல் மருத்துவர் அவர்களே! புத்தகங்களுக்கு நடுவே பொம்மை விளையாட்டுக்கும் ஓர் அறை ஒதுக்கித் தந்த நூலகர் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே! பிள்ளைகளை மடியில் அமர்த்தி, அவர்கள் வாயையும் பொத்தி, எனக்காக அமைதி காக்கும் தாய்மார்களே! கதவோரம் நின்றுகொண்டு, பேச்சு எப்போது முடியும், ஆட்டம் எப்போது தொடங்கும் என்று காத்திருக்கும் தம்பி தங்கைகளே! உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு கலந்த வணக்கம்.

எனக்கு மேடை புதிது. மைக் அதைவிடப் புதிது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கினேன். ஆனால் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. லிஃப்டுக்கு மேலே இருக்கும் சின்ன அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் ஒருவரும் என்னோடு பேச வரமாட்டார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த வேலையை நான் நேசிக்கிறேன்... சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் சிரித்தால் என் கால் நடுக்கம் கொஞ்சம் குறைகிறது.

இன்று இந்த அறையைத் திறக்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது? பொன்னா? பொருளா? பச்சை நிறத்தில் பலகைகள் இருக்கின்றன. பலகை மேல் கறுப்புப் பூச்சிகள் போல் சில்லுகள். சில்லுக்குச் சில்லு செம்புக் கோடுகள். ஒரு காலத்தில் கடைவீதியில் காசு போட்டு ஆடினோமே, ஆளுயர வீடியோ கேம் பெட்டிகள், அவற்றின் வயிற்றில் இருந்த மின்சுற்றுப் பலகைகள் இவை. பெட்டி வெறும் மரம். திரை வெறும் கண்ணாடி. ஆட்டம் எங்கே இருக்கிறது? அந்தப் பலகையில் இருக்கிறது. படகு ஓடுவதும் பாறை விழுவதும் அந்தப் பலகையில்தான்.

என் தாய்மாமன் கேட்டார். அவர் கேட்காவிட்டால்தான் அதிசயம். "ஏம்மா, இதெல்லாம் போன்லயே கெடைக்குதே! படிச்ச புள்ள, இந்தத் தகரத்தக் கட்டிக்கிட்டு அழணுமா?" என்றார்.

மாமா, அதோ மூன்றாவது தூணருகே நிற்கிறீர்கள். இன்று மைக் இருக்கிறது, சொல்கிறேன். போனில் கிடைக்கும் அந்த ஆட்டம் வானத்திலிருந்து விழவில்லை. எங்கோ யாரோ ஒருவர் ஒரு பலகையைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தார். அதிலிருந்துதான் அதைப் படித்து எடுத்தார்கள். பலகையை உடைத்துத் தங்கத் துகள் எடுக்கக் கொண்டுபோன ஆட்டங்கள் எத்தனை? அவற்றைப் போனில் தேடிப் பாருங்கள். வராது. பெயர்கூட வராது. அதுமட்டுமில்லை மாமா. சில பலகைகள் ஆட்டத்தை மட்டும் சுமக்கவில்லை, ஆடியவரையும் சுமந்துகொண்டிருக்கின்றன. அப்படி ஒரு பலகையின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இப்படிப் பழைய பலகைகளைத் தேடிக் காக்கும் எங்கள் சங்கத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. ஓர் அம்மா பேசினார். மூடிப்போன ஒரு கேம் கடையின் முதலாளியம்மா. கணவர் காலமாகிவிட்டார். கடைச் சாமான் எல்லாம் போய்விட்டது. ஒரே ஒரு பெட்டியை மட்டும் வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறார். படகு ஆட்டம். இப்போது பெட்டிக்குள் ஏதோ புளித்த நாற்றம் வருகிறதாம்.

தலைவர் என்னையும் அழைத்தார். அறிமுகமில்லாத வீட்டுக்குப் போக எனக்குக் கூச்சம். துணைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆமாம், பட்டதாரிதான், வேலை பார்ப்பவள்தான். அப்படியும் அம்மாவைத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

கதவு திறந்தது. முதலாளியம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா முதலாளியம்மாவைப் பார்த்தார்.

"நீ... டோக்கன் கவுண்டர்ல இருந்தவதான?"

"ஆமா முதலாளியம்மா."

"எளச்சுட்டியே!"

"நீங்களும்தான்."

"நான் எங்கடி எளச்சேன்? கண்ணாடிய மாத்து" என்றார் முதலாளியம்மா. கூடமே கலகலத்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஒரு கேம் கடையில் வேலை பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். அது இந்தக் கடை என்பதுதான் தெரியாது.

தலைவர் பெட்டியின் பின்கதவைத் திறந்தார். டார்ச் அடித்தார். பல் பார்ப்பது போலவே பார்த்தார். முகம் சுருங்கியது. பலகையின் ஓரத்தில் ஒரு சின்ன மின்கலம். பெட்டியை அணைத்தாலும் முதல் பத்துப் பேரின் மதிப்பெண் மறந்துபோகாமல் காப்பது அதுதான். அந்த மின்கலம் கசிந்துவிட்டது. கசிந்த நீர் செம்புக் கோடுகளைப் பச்சையாக அரித்துக்கொண்டு போகிறது.

இதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழையதை எடுக்குமுன் புதியதைப் பக்கத்தில் ஈயம் உருக்கிப் பற்றவைப்போம். பிறகுதான் பழையதைக் கழற்றுவோம். நினைவு ஒரு கணமும் அறாது. ஆனால் இங்கே அந்த நீர், நினைவைச் சுமக்கும் சில்லின் கால்களையே தின்றிருந்தது. சில்லைக் கழற்றாமல் கழுவ முடியாது. கழற்றினால் மதிப்பெண் போய்விடும். கழற்றாவிட்டால் பலகையே போய்விடும்.

இதைச் சொன்னதும் முதலாளியம்மா எழுந்தார். பெட்டியின் சுவிட்சைப் போட்டார். திரை விழித்தது. முதலிடத்தில் ஒரு பெரிய எண். அதன் பக்கத்தில், ஆடியவர் பெயருக்காகப் பெட்டி கேட்டு வாங்கும் மூன்று எழுத்து. அந்தக் கடைப் பெயரின் மூன்று எழுத்து.

"அந்த எழுத்து போகக் கூடாது. அது போகும்னா நீங்க எதுவும் செய்ய வேணாம்" என்றார்.

தலைவர் மெல்லச் சொன்னார்: "புரியுதும்மா. உங்க வீட்டுக்காரர் ஞாபகம். ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கலாமே?"

"போட்டோ ஏற்கனவே செவுத்துல ஒன்னு தொங்குது டாக்டர். இன்னொன்னு எதுக்கு?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா? அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், சுற்றுகிறார். சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இருக்கும்போது என் அம்மா செய்யும் காரியம் அது.

கடைசியில் சொன்னார்.

"முதலாளியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அது சாரோட ஸ்கோர் இல்ல. நான் ஆடினது."

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்ததாம். காலையில் ஷட்டர் தூக்குமுன், வேலை பார்க்கும் பெண்கள் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்க வேண்டும். குச்சி நகர்கிறதா, பொத்தான் அழுந்துகிறதா என்று சோதனை. ஆட்டம் தரும் உயிர்களில் ஓர் உயிர் போனதும் அடுத்த பெட்டிக்குப் போய்விட வேண்டும். மதிப்பெண் பட்டியலில் ஏறிவிட்டால் தன் எழுத்தைப் போடக் கூடாது. கடையின் எழுத்தைத்தான் போட வேண்டும். பட்டியல் வாடிக்கையாளருக்கு உரியது, வேலைக்காரிக்கு உரியதல்ல. இதுதான் சட்டம்.

எல்லாப் பெட்டியிலும் அம்மாவுக்கு உயிர் சட்டென்று போய்விடும். ஆனால் இந்தப் படகு ஆட்டத்தில்? பாறை விழும், படகு விலகும். சுழல் வரும், படகு தாண்டும். ஓர் உயிர் போகும்வரை ஆடு என்றால், அந்த உயிர் போகவே போகாதாம்! என்ன செய்வார் பாவம்?

நீங்கள் கைதட்டுகிறீர்கள். அன்று அந்தக் கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. கணவரின் நினைவென்று ஒரு பெண்மணி போற்றிய எண்ணை, உன் கணவருடையதல்ல என்று சொல்லிவிட்டு என் அம்மா தலைகுனிந்து நிற்கிறார்.

முதலாளியம்மா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"அவரா? அவருக்கு ரெண்டாவது பாறையே தாண்டத் தெரியாதுடி! எனக்குத் தெரியாதா அந்த மனுஷனோட லட்சணம்? ஷட்டர் தெறக்க லேட்டாகுதுன்னு தெனம் கத்துவாரு. உள்ள எவளோ ஒருத்தி ஆடிக்கிட்டிருக்கான்னு எனக்கு அப்பவே தெரியும். எவ அதுன்னுதான் தெரியல."

"அப்புறம் ஏம்மா அத அழிக்க வேணாம்னீங்க?" என்றார் தலைவர்.

இப்போது முதலாளியம்மா சிரிக்கவில்லை. சொன்னார்:

"ஆடினது அவ. நிக்கிறது எங்க பேரு. அவ எங்கயோ இருப்பான்னு நெனச்சேன். என்னிக்காவது வந்து, என் ஆட்டம் எங்கன்னு கேட்டா காட்ட வேணாமா? அடுத்தவ ஒழைப்ப அழிச்சுடுங்கன்னு நான் எப்படி டாக்டர் சொல்றது?"

அவையோரே! இதைவிடப் பெரிய பாதுகாப்பு எது? இரும்புப் பெட்டகமா? எடுத்துக்கொள்ள முடியாத ஒரு பொருளை, யாரென்று தெரியாத ஒருத்திக்காக, கூடத்தில் இடம் அடைத்தாலும், உறவினர் முகம் சுளித்தாலும், ஒரு பெண்மணி காத்தாரே! பாதுகாத்தல் என்றால் என்ன என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு விடை கிடைத்த இடம் அந்தக் கூடம்.

"இப்ப நீ வந்துட்ட. உன் பொருள். வெச்சுக்கறதா, எடுக்கறதா, நீயே சொல்லு" என்று முடித்தார்.

அம்மா திரைக்கு அருகே போனார். கண்ணாடியில் தன் முகமும் அந்த எண்ணும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் தூரத்தில் நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இத எடுத்தா படகு பொழைச்சுக்குமா?"

"பொழைக்க வெக்கப் பாக்கறோம்மா."

"அப்ப எடு. படகு இருந்தா மறுபடி ஓட்டிக்கலாம்."

சாப்பாட்டு மேசைமேல் பழைய துணி விரித்துப் பலகையை வைத்தோம். மின்கலத்தின் கால்களை நான்தான் வெட்டினேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் காலைப்பொழுதுகள் அத்தனையும் அந்த ஒரு வெட்டில் போயின. அம்மா அப்போது முதலாளியம்மாவோடு ஏதோ பழைய கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் சிரித்தார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு தலைவரின் மருத்துவமனைப் பின்னறையில் வேலை நடந்தது. பல் துலக்கும் மென்மையான பிரஷ்ஷால் பச்சைப் பாசியைத் தேய்த்தெடுத்தோம். முதன்முறை மின்சாரம் கொடுத்தபோது திரையில் படகு இல்லை. கட்டம் கட்டமாகக் கந்தல் துணி போல் ஒரு படம். அறுந்த கோடு எது என்று தேடினோம். கிடைத்தது. தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் பாலம் போட்டோம். மின்கலமே தேவைப்படாத புதிய நினைவுச் சில்லு வைத்தோம். இனி அது கசியாது, மறக்காது. மறுபடி சுவிட்சைப் போட்டதும் ஆற்றில் படகு! பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டு நானும் தலைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கண்ணைத் துடைத்தார். புகை என்றார். நானும் புகை என்றேன்.

முதலாளியம்மா அந்தப் பெட்டியை இந்த அறைக்கே கொடுத்துவிட்டார். அம்மா, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கையைக் காட்டாதே. போதும் என்கிறாயா? இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

இந்த விழா தாமதமாகத் தொடங்கியதே, ஏன்? மைக் கோளாறு என்று தலைவர் அறிவித்தார். நீங்களும் நம்பினீர்கள். மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. நடந்தது என்னவென்றால், அறையைத் திறக்குமுன் பெட்டியைச் சோதித்துப் பார்க்க ஒருவர் வேண்டும் என்றோம். யாரைக் கூப்பிடுவோம்? பழகிய கை எதுவோ அதைத்தானே! அம்மா ஆடினார். முதலிடம் வந்தார். எழுத்துக் கேட்டது பெட்டி. அம்மாவின் விரல் தானாக நகர்ந்து, என்ன போட்டது தெரியுமா? பழைய கடையின் மூன்று எழுத்து!

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளியம்மா அம்மாவின் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"கடையே மூடியாச்சு! இன்னுமா எங்களுக்கு ஒழைக்கிற? அழிடி அத!"

"அழிக்க முடியாது மேடம். இப்ப வெச்ச சில்லு மறக்காது" என்றேன் நான்.

"அப்ப அதுக்கு மேல ஏறட்டும். ஏறாம இவள வெளிய விடாதீங்க!"

வெளியே நீங்கள் காத்திருக்கிறீர்கள். உள்ளே கதவு மூடியிருக்கிறது. என் அம்மா படகு ஓட்டிக்கொண்டிருக்கிறார். அன்று போலவே! தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், முதலாளியம்மா அவரை முறைக்கிறார். ஓர் உயிர் போக வேண்டும், அந்த உயிர் போகவே இல்லை. உங்களைக் காக்க வைத்தது அதுதான். கோபம் என்றால் என் அம்மாவிடம் காட்டுங்கள்; அவருக்காகப் பரிந்து பேச முதலாளியம்மா இருக்கிறார்.

இப்போது அந்தப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் ஒரு கடையின் பெயர் இருக்கிறது. முதலிடத்தில் மூன்று எழுத்து இருக்கிறது. அது என்ன எழுத்து என்று நான் சொல்லமாட்டேன். இத்தனை காலம் கழித்து ஒரு பெண் தன் கையால் போட்டதை என் வாயால் படித்துக்காட்ட மாட்டேன். எழுந்து போய்ப் பாருங்கள். முடிந்தால் முறியடியுங்கள்!

பலகை காத்த முதலாளியம்மாவுக்கு நன்றி. பழுது நீக்கிய தலைவருக்கு நன்றி. இடம் தந்த நூலகர் அம்மையாருக்கு நன்றி. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பச்சைப் பலகை கிடந்தால், குப்பைக்குக் கொடுக்குமுன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லப்போகும் உங்களுக்கு இப்போதே நன்றி. படகு இருந்தால் மறுபடி ஓட்டலாம் என்று சொன்ன என் அம்மாவுக்கு... மைக் கோளாறு. மன்னியுங்கள்.

என் அம்மாவுக்கு, நன்றி.

நடுங்கியபடி ஏறினேன், நிமிர்ந்தபடி இறங்குகிறேன். எல்லோருக்கும் வணக்கம். கதவு திறந்திருக்கிறது, வாருங்கள்!