பிரிசில்லாவின் உதாரணம்

ஜஹீதா மேடம் சிவப்பு மையில் திருத்துவதில்லை, பென்சிலில்தான் எழுதுவார்கள். மாணவர்கள் மனம் நோகக்கூடாது என்று நினைப்பவர்கள். அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா.

நான் இதழியல் இரண்டாம் ஆண்டு. டிஜிட்டல் செய்தி ஊடகங்களைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். பொய்ச் செய்தி வேகமாகப் பரவும், மறுப்பு மெதுவாகத்தான் போகும் என்று எட்டுப் பக்கம் எழுதினேன். இருபதுக்குப் பதினொன்று. ஓரத்தில் மேடத்தின் குறிப்பு: "எல்லாம் பொத்தாம்பொதுவாக இருக்கிறது. நீயே பார்த்த ஓர் உதாரணம் வேண்டும், பிரிசில்லா. சான்று எங்கே? இரண்டு வாரத்தில் திருத்திக் கொடு."

மற்றவர்கள் தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டார்கள். எனக்கு அது முடியாது. யாராவது குறை சொன்னால் அதைச் சரிசெய்யும்வரை சோறு இறங்காது. மாதனூர் பஸ் ஸ்டாப்புக்கும் வீட்டுக்குமாகக் காரணமில்லாமல் நடந்தேன். நடந்துகொண்டே ஊர் வாட்ஸ்அப் குழுக்களைத் திறந்து திறந்து பார்த்தேன். எங்கள் ஊரைப் பற்றி ஒரு பொய்ச் செய்தி வந்தால் போதும், முதலிலிருந்து குறித்துவிடலாம். ஒன்பது நாள் பார்த்தேன். வந்ததெல்லாம் வேறு ஊர்க் கதை, எங்கே தொடங்கியது என்றே தெரியாதது.

அதனால் நானே ஒன்றைத் தொடங்கினேன்.

எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீரை யாரும் நம்புவதில்லை, தோல் ஆலைக் கழிவு கலந்திருக்கும் என்ற பயம். கேன் தண்ணீர்தான். எங்கள் தெருவுக்கு எபிநேசர் அண்ணன் போடுவார். அவருடைய கேன் ஒன்றில் டீ டிக்காஷனை ஊற்றிப் படம் எடுத்தேன். என் பழைய சிம்மில் 'மாதனூர் மின்னல்' என்று பெயர் வைத்து, "கேன் தண்ணீரில் தோல் கழிவு, மூன்று குழந்தைகள் மருத்துவமனையில்" என்று இரண்டு குழுக்களில் போட்டேன். அவர் பெயரைப் போடவில்லை, அது நியாயமில்லை. கேனில் இருந்த அவர் கடை ஸ்டிக்கரை மறைக்கலாமா என்று யோசித்தேன். மறைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

காலை ஆறு நாற்பது. ஷூ கம்பெனி பஸ்ஸுக்குப் பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம். பதினொரு மணிக்குள் அதே செய்தி ஏழு குழுக்களிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. மூன்று குழந்தைகள் என்பது ஒன்பதாகியிருந்தது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மதியம் அம்மா கம்பெனியிலிருந்து போன் செய்தாள். "பிரிசி, அந்த கேனத் தொடாத. கீழ ஊத்திடு." அதையும் நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ்கள் திரும்பியதும் எபிநேசர் அண்ணனின் ஷெட் முன்னால் கூட்டம் சேர்ந்தது. நான் மேடை போலிருந்த தொட்டி விளிம்பில் ஏறி நின்று வீடியோ எடுத்தேன்.

"உன் தண்ணி நல்ல தண்ணின்னா நீயே குடிச்சிக் காட்டு. இன்னா பயம் உனக்கு?"

"என்னால முடியாதுண்ணா. வேணும்னா டெஸ்டுக்கு எடுத்துக்கினு போங்க."

"பாத்தியா, அவனே குடிக்க மாட்டேங்கிறான்."

ஒருவர் சொம்பில் மொண்டு அவர் வாயருகே வைத்தார். இருவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் குடித்தார். யாரும் அடிக்கவில்லை ஐயா, அதைச் சொல்ல வேண்டும். ஒன்பது சொம்பு. மூன்றாம் நாள் வேலூரில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். நுரையீரலில் தண்ணீர் சேர்ந்துவிட்டதாம்.

கூட்டம் சேர்ந்த மறுநாளே செய்தி பொய் என்று மறுப்பும் போட்டேன். அது எந்தக் குழுவிலிருந்தும் திரும்பி வரவில்லை. கட்டுரையின் கடைசிப் பத்தி அதுதான். நேர அட்டவணையின் முதல் வரியில் "6.10, படம் எடுக்கப்பட்டது" என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துத்தான் மேடம் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறார்கள். நான் எதையும் மறைக்கவில்லை.

அவருடைய நோய் எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்குப் போவார். டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த சீட்டை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன்: நாளுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எந்தத் தண்ணீரும் கூடாது. தண்ணீர் விற்கிறவர் இதை வெளியே சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாவது சொம்பில் அவர் என்னைப் பார்த்துவிட்டார். "பிரிசி, நீயாவது சொல்லும்மா" என்றார்.

நான் பேசியிருந்தால் பதிவில் என் குரல் விழுந்திருக்கும், அப்புறம் அது சான்று ஆகாது. வீடியோவை முழுதாகப் போட்டுக் கேளுங்கள் ஐயா. நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.