பொட்டுப் பக்கத்துத் துளைகள்

இரவு பதினொன்று தாண்டியிருக்கும். தைத் என்ற ஊரைத் தாண்டிய பாலைவனச் சாலை... முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. வேனை ஓட்டியவர் ஜெயசீலன். என் நண்பன் ஜோதிமணியின் மச்சான்.

"அந்த ஜன்னல சாத்துடா," என்றார் நாகலிங்கம் அண்ணன். அஜ்மானில் எங்கள் ரூமில் கரண்ட் போயிருந்தது. எல்லோரும் ஒரே பாயில் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். சாத்திவிட்டுக் கதையை மேலே சொன்னேன்.

வேனில் ஜப்பான் நாடகக் குழுவின் பெட்டிகள். முன்சீட்டில் தனியாக ஒன்று. அதற்குள் ஓர் இளம்பெண்ணின் மர முகமூடி. வெள்ளைப் பூச்சு, பாதி திறந்த உதடுகள். குனிய வைத்தால் அழும். நிமிர்த்தினால் சிரிக்கும். ஏற்றும்போதே குழுவின் மொழிபெயர்ப்பாளர் சொல்லியிருந்தார். முகத்தைத் தொடக் கூடாது. நெற்றிப்பொட்டில், பக்கத்துக்கு ஒன்றாக, கயிறு கட்ட இரண்டு துளைகள் உண்டு, அங்கேதான் பிடிக்க வேண்டும். நடிகர் முதலில் அதைக் கும்பிடுவார். அணிந்ததும் கண்ணாடி முன் உட்கார்வார், அந்தப் பெண் தனக்குள் வரும்வரை. நாடகம் முடிந்ததும் மறுபடி கும்பிட்டு அவளை அனுப்பிவைப்பார்.

ஜெயசீலன் மனைவி தாமரைக்கு ஊரில் நிறைமாதம். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டாள்.

"புள்ள பொறக்கும்போதாவது மூஞ்சியக் காட்டுவீங்களா?"

"இப்பவே காட்டுறேன், இரு."

வண்டியை ஓரங்கட்டினார். அவளைச் சிரிக்க வைத்தால் போதும் அவருக்கு. பெட்டியைத் திறந்ததும் பழைய மரத்தின் வாசனை... கொஞ்சம் கற்பூரம். முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். திரையின் மூலையில், சின்னக் கட்டத்தில், தன்னையே பார்த்தார். அதுவும் கண்ணாடிதான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தாமரை சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

போனுக்குள் டக்கென்று ஒரு சத்தம். மரத்தில் மரம் பட்டதுபோல.

கழற்றிப் பெட்டியில் போட்டார். கும்பிடவில்லை.

"நல்லாருக்கு," என்றாள். உதடு அசையவில்லை. குனிந்தாள், அழுவதுபோல் இருந்தது. நிமிர்ந்தாள், சிரிப்பதுபோல். நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார் நாகலிங்கம் அண்ணன்.

"ரெண்டு நாள்ல பிரசவம். பொண்ணு. தாமரை பொழைக்கல. அடக்கத்துக்குத்தான் லீவு குடுத்தாங்க."

ஜோதிமணி அனுப்பிய குழந்தை போட்டோவைப் போனில் எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சம் பக்கத்தில் இருந்த கௌஸ் பாயின் முகத்தில் விழுந்தது.

"மாஷா அல்லா. அழகா இருக்கே. அதுக்குள்ள காது குத்திட்டாங்களா?"

"காதுல இல்ல பாய். பெருசு பண்ணிப் பாருங்க."

விரலால் விரித்தார். நெற்றிப்பொட்டில், பக்கத்துக்கு ஒரு துளை. ரத்தம் இல்லை, புண் இல்லை. வழவழவென்று, ஒரு கயிறு நுழையும் அளவுக்கு.