கண் மட்டும் மிச்சம்

இல்லைத் தம்பி, சிலையின்ரை மூக்குச் சரி. வாய்தான் பிழை. என்ரை மனிசி மீனலோசனி பல்லுக்காட்டிச் சிரிக்கிற ஆளில்லை. முன்பல்லு மிதப்பெண்டு கையால பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். உம்மில குற்றமில்லை. மகன் பிரதாபன் கனடாவிலயிருந்து அனுப்பின படத்தைப் பாத்துத்தானே செய்தனீர்? ஸ்டூடியோக்காரன் அதில பல்லையெல்லாம் நேராக்கிப்போட்டான். பிரதாபனுக்கு இப்ப அந்தப் படந்தான் அம்மா.

சீமெந்து இறுக முன்னம் வாயை மூடிவிடும். ஏலும்தானே? நல்லது. இந்தாரும் தேத்தண்ணி. நீர் வேலைக்கு வரத் தொடங்கினாப் பிறகுதான் நான் குசினியில ரெண்டு கோப்பை கழுவுறன்.

ஓம், எங்கட ஊர் கரம்பொனில இப்ப எங்க பாத்தாலும் சிலைதான். முந்திக் கோயிலில சாமி, சேர்ச்சில மாதா, அவ்வளவுதான். பிறகு சந்தியளில பெரியாக்களை வைச்சினம். இப்ப, பாரும், எங்கட வீட்டு முத்தத்துக்கும் வந்திட்டுது. ஆளில்லாத வளவிலயும் அப்பாவும் அம்மாவும் சீமெந்தில நிக்கினம். விடிய எழும்பி நடந்தா நான் அவையளுக்குத்தான் தலையாட்டிக்கொண்டு போறனான். சிரியாதேயும், உண்மையாத்தான்.

என்ன, நாளையோட முடிஞ்சிடுமோ? ஏன் இந்த அவசரம்? அந்தக் காதும் எனக்குச் சரியாப் படேல்லை. இல்லை, இல்லை, விடும். காது அச்சா அவளின்ரைதான். சும்மா சொன்னனான்.

கண்ணைக் கடைசியாத்தானே திறக்கிறனீர்? சாமி சிலைக்கும் அப்பிடித்தான். கண் திறந்தாத்தான் வேலை முடிஞ்சதெண்டு கணக்கு. அவளுக்குத் திறந்துவிடும். அந்தச் சாக்குக்குக் கீழ இருக்கிறதுக்கு வேண்டாம். ஓம், என்ரை சிலையைத்தான் சொல்லுறன்.

ஆவணியில பிள்ளையள் எல்லாரும் வந்து, ரெண்டு சிலைக்கும் ஒண்டாத் திரை நீக்கப்போகினமாம். நான் செத்தாப் பிறகு திரும்பவும் வர லீவு கிடையாதாம். பிரதாபன் போனில பக்குவமாத்தான் சொன்னவன். நானும் ஓமெண்டிட்டன். போனை வைச்சாப் பிறகு சாப்பிட மனம் வரேல்லை.

கண்ணில்லாமல் நிண்டா அண்டைக்கு ஒருத்தரும் கவனிக்க மாட்டினம். மாலையைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போயிடுவினம். நான் போனாப் பிறகு பிரதாபன் உமக்குப் போன் எடுப்பான், அவனிட்டைச் சொல்லி வைக்கிறன். அவையள் வராட்டிலும் கண் திறக்க நீர் வந்துதானே ஆகோணும்.

குடியும் தம்பி, தேத்தண்ணி ஆறுது.