திருத்தி அனுப்பவும்

கல்யாணப் பத்திரிகை வந்தால் நான் முதலில் தேதியைப் பார்ப்பதில்லை, பிழையைத்தான் தேடுவேன். நாத்தனார் மகளின் பத்திரிகையில் ஏழு பிழை கண்டுபிடித்துச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்தில் போய் நின்றேன். இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதும் அதனால்தான். நேற்று உங்கள் காவல் நிலைய எழுத்தர் தட்டச்சு செய்ததைப் பார்த்தேன். அதில் கையெழுத்துப் போடுவதைவிட வெற்றுத் தாளில் போட்டுவிடலாம்.

இருபத்தாறு வருடமாக மொழி ஆசிரியை. பிழை என்றால் எனக்குக் கோபம் வரும், அதை மறைக்கவில்லை. பிள்ளைகள் எழுதினால் வராது, கற்றுக்கொள்ளும் வயது. ஆசிரியர்கள் எழுதினால் உடம்பெல்லாம் எரியும். சம்பளம் வாங்கிக்கொண்டு, படித்தவர் என்ற மரியாதையையும் வாங்கிக்கொண்டு, இரண்டு வரி ஒழுங்காக எழுத வராது என்றால் என்ன அர்த்தம்?

இதைத்தான் சென்ற வருடம் இணையத்தில் ஆசிரியர்கள் கூடிப் பேசும் பக்கத்தில் எழுதினேன். அரை மணி நேரம் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி எழுதியது. முதல் பதில் எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டரிடமிருந்து வந்தது.

"புரிஞ்சா போதாதா டீச்சர்? எழுத்துக்கும் யூனிஃபார்ம் மாட்டி வரிசையில நிக்க வைக்கணுமா? அப்புறம், உங்க மூணாவது வரியில ஒரு ஒற்றைக் காணோம். தேடிப் பாருங்க."

பார்த்தேன். காணோம்தான்.

நூற்று ஐம்பது பேருக்கு மேல் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். என் டிபன் பாக்ஸிலிருந்து தினம் எடுத்துச் சாப்பிடும் கணக்கு டீச்சரும் போட்டிருந்தாள். மறுநாள் ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது யாரோ, "ஒற்று டீச்சர் வந்தாச்சு" என்றார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று கணக்கு டீச்சர் ஆறுதல் சொன்னாள். அவளுக்கும் வாயோரத்தில் சிரிப்பு இருந்தது. பி.டி. மாஸ்டர் மட்டும் தனியாக வந்து, "விளையாட்டுக்குச் சொன்னேன் டீச்சர், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மனதில் வைக்கவில்லை என்று சொன்னேன்.

பள்ளியின் வாட்ஸப் குழுவில் ஆசிரியர்களும் பெற்றோரும் இருக்கிறார்கள். யாரோ பிழையோடு போட்ட அறிவிப்பை ஒரு தகப்பனார் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்ப, பள்ளியின் மானம் கப்பலேறியது. அதிலிருந்து ஒரு விதி. ஆசிரியர்கள் செய்தியை எனக்கு அனுப்ப வேண்டும். நான் பார்த்த பிறகு நான்தான் குழுவில் போடுவேன், வேறு யாரும் போட முடியாது. வகுப்பு நேரத்தில் யாரும் போன் அழைப்பை எடுக்கக் கூடாது, ஆனால் வகுப்பு முடிந்து பிள்ளைகளை வெளியே விடும் முன் எல்லா ஆசிரியரும் குழுவைப் பார்த்தாக வேண்டும். சின்னப் பிழை என்றால் நானே திருத்திவிடுவேன். பி.டி. மாஸ்டருடையதை மட்டும் திருப்பி அனுப்புவேன். அவர் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான்.

நான்கு நாள் பெய்த மழை அன்றுதான் விட்டிருந்தது. எனக்கு வகுப்பில்லாத நேரம். ஆசிரியர் அறையில் தனியாக நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பதினொன்றுக்கு அவர் செய்தி வந்தது. "மதில் சாயிது. சப்பாட்டு மணிக்கு பசங்கள வெளிய விடாதிங்க. அவசரம்". அதைப் படமெடுத்துப் பிழைகளைச் சுழித்து, "திருத்தி அனுப்பவும்" என்று எழுதி அனுப்பினேன்.

அவர் போன் செய்தார். எடுக்கவில்லை. எல்லாம் எழுத்தில் என்பது விதி. இரண்டாவது செய்தி வந்தது, அதையும் திருப்பினேன். மூன்றாவதையும் அப்படியே. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

எங்கள் அறை ஜன்னலிலிருந்து மைதானம் தெரியும். மூன்றாம் வகுப்புப் பொடிசுகளை அவர் இரண்டு கையையும் விரித்து, மதிலோரத்திலிருந்து எதிர்ப்பக்கம் விரட்டிக்கொண்டிருந்தார். அவர்களை விட்டு நகர முடியாது. கத்தினால் கேட்கும் தூரத்தில் வகுப்பறைகளும் இல்லை. ஜன்னலில் என்னைப் பார்த்ததும் போனை உயர்த்தி ஆட்டினார். நானும் என் போனை உயர்த்திக் காட்டினேன், திருத்தம் அதில் இருக்கிறது என்று.

எங்கள் பள்ளியில் பன்னிரண்டரை மணி தானாக அடிக்கும். அடித்தது. எல்லாக் கதவும் திறந்தது. மதில் விழுந்தபோது அதனடியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளை இழுக்க ஓடியவர் அவர். அவள் போய்விட்டாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் நோட்டில் எனக்கு அதிகம் வேலை இருந்ததில்லை. அவருடைய வலது கை இனி பேனா பிடிக்காது என்கிறார்கள்.

அன்று சாயங்காலம் தலைமையாசிரியை இரங்கல் செய்தி அனுப்பினார். இரண்டு பிழை. திருத்திப் போட்டேன். இதைச் சொன்னபோது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். பிழையோடு இரங்கல் சொல்வதுதான் மரியாதையா?

அந்தப் பெண்ணின் அப்பா வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். விதியை விளக்கினேன். செய்தி சரியாக வந்திருந்தால் அரை நிமிடத்தில் போட்டிருப்பேன், என் மேல் தவறில்லை என்றேன்.

"அவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

தலைமையாசிரியையிடமும் அதையே சொன்னேன். நேற்று உங்களிடமும் அதையேதான் சொன்னேன். ஆனால் இடிபாட்டிலிருந்து எடுத்த அவருடைய போன் உங்கள் மேஜை மேல் இருக்கிறது. எப்படியும் படித்துவிடுவீர்கள்.

நான்காவதாக ஒரு செய்தி வந்தது. பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு. அந்தப் பிள்ளைகளை ஒரு கையால் தள்ளிக்கொண்டே எப்படி எழுதினாரோ தெரியவில்லை. மூன்று வரி. ஒற்று, புள்ளி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கடைசியில், "தயவுசெய்து, டீச்சர்" என்றும் இருந்தது.

மணியடிக்க இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. ஒரு பிழையாவது இருக்கும் என்று, மணியடிக்கும்வரை தேடிக்கொண்டிருந்தேன்.